ஐம்பத்து நான்கு நிமிடம் பின்னால்

டிசம்பர் 11, வியாழன்

காலையில் எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது 2009 ஜனவரி ஒன்று என்றது. அந்த வருடம் நான் ஒன்றாம் வகுப்பு.

வெளியே அறுபத்திரண்டு பெண்கள் கைரேகை மெஷின் முன்னால் நிற்கிறார்கள். மெஷினுக்கு நேரம் சொல்வது இந்தக் கம்ப்யூட்டர்தான். மெஷினில் ஒட்டியிருந்த கோயமுத்தூர் சர்வீஸ் நம்பருக்கு லேண்ட்லைனில் போட்டேன். ஒரு ஆண் குரல்.

"சொல்லுங்க மேடம், என்னங்க பிரச்சினை?"

"சார், கம்ப்யூட்டர் 2009 காட்டுது."

"அப்ப நல்ல வருசம்தானுங்களே, எதுக்கு மாத்தோணும்?"

எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அவரே மாற்றச் சொல்லிக்கொடுத்தார். உள்ளே நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்குமாம். ஆபீஸை மூடி மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது சாகப்போகிறது என்றார். கடைசியில், "அங்க எத்தனை டிகிரிங்க?" என்று கேட்டார். வாசலில் இருக்கும் வெப்பமானியைப் பார்த்துத் தினமும் எழுதுவதும் என் வேலைதான். ஏழு என்றேன். "ஆத்தாடி" என்றார்.

பெயர் மயில்சாமி.

டிசம்பர் 12, வெள்ளி

ஆறு நிமிடம் பின்னால். சரி செய்தேன். புதுப் பேட்டரி கேட்டு எழுதி சின்ன துரை மேசையில் வைத்தேன்.

அசிஸ்டென்ட் மேனேஜர் பெயர் பிரதீப் சார். ஆனால் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாருக்கும் அவர் சின்ன துரைதான். அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மா இதே டிவிஷனில் கொழுந்து பறிக்கிறாள். காலையில் மெஷினில் கட்டைவிரல் வைக்கும்போது என்னைத் தெரியாத மாதிரி பார்க்கிறாள். "ஆபீஸ்ல நீ ஆபீஸ் ஆளு" என்கிறாள்.

டிசம்பர் 15, திங்கள்

ஞாயிறும் சேர்த்து அணைந்து கிடந்ததால் பதினொரு நிமிடம் பின்னால். வெளியே ஐந்து டிகிரி. குளிரில் விரல் வெடித்து, மெஷின் ரேகையைப் பிடிக்கவில்லை. பெண்கள் கட்டைவிரலைத் தலைமுடி எண்ணெயில் தேய்க்கிறார்கள், அக்குளில் வைத்துச் சூடாக்குகிறார்கள். சிவபாக்கியம் அக்கா டீ டம்ளருக்குள்ளேயே விரலை விட்டுவிட்டு வந்தார். "மெஷினுக்கும் டீ வேணுமாம் புள்ள" என்றார். வரிசையே சிரித்தது.

சின்ன துரையும் விரல் வைத்தார். "நானும் வைக்கிறேன். இங்க எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

மயில்சாமிக்குப் போன் செய்தேன். நேரத்தை மாற்ற எனக்கே தெரியும். இருந்தாலும் புகார் பதிவு செய்ய வேண்டும் அல்லவா.

"இன்னைக்கு எந்த வருசத்துல இருக்கீங்க மேடம்?"

"இந்த வருசம்தான் சார். பதினொரு நிமிஷம் பின்னால."

"குளிர் கூடக்கூட பேட்டரிக்குத் தெம்பு குறையுமுங்க. அதுவும் போர்வை போத்தித் தூங்குது. எங்களுக்கு இங்க இருபது டிகிரிக்கே மஃப்ளருங்க."

சிரித்தார். கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கிற மாதிரி, முதல் இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் பிடித்துக்கொள்கிற சிரிப்பு.

டிசம்பர் 19, வெள்ளி

ஏழு நிமிடம். நாலு டிகிரி. எனக்கு இருமல்.

டிசம்பர் 24, புதன்

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முதல் வாரத்தில் ஆளுக்கு ஒரு கம்பளி கொடுப்பது எஸ்டேட் வழக்கம். இந்த வருடம் இன்னும் வரவில்லை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது சிவபாக்கியம் அக்கா கூட்டத்திலிருந்தே கேட்டார்.

"சார், கம்பளி எங்க சார்?"

"வரும்."

"எப்ப சார்? சித்திரையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். சின்ன துரையும் சிரித்தார். சிரித்துவிட்டு ஆபீசுக்குள் வந்து, "அந்தப் பொம்பள பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். என்னிடம் கேட்டால் சொல்லத்தானே வேண்டும். அக்கா நிரந்தரமா, தற்காலிகமா என்று கேட்டார். அதையும் பார்த்துச் சொன்னேன். தற்காலிகம்.

டிசம்பர் 29, திங்கள்

பன்னிரண்டு நிமிடம். மயில்சாமி ஒவ்வொரு போனையும் ஒரு ரிஜிஸ்டரில் எழுதுகிறாராம். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. யாரும் எழுதறதில்ல. நான் உங்க டிகிரியை எழுதிக்கறேன். கட்டம் சும்மா கிடக்கக் கூடாதுல்லீங்க."

நானும் இந்த நோட்டில் எழுதுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. (இதற்குக் கீழே எழுதிய இரண்டு வரியை அடித்துவிட்டேன்.)

ஜனவரி 3, சனி

காலையில் வழக்கம்போல் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். சின்ன துரை பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"என்ன பண்ற?"

"டைம் சார். தினமும் பின்னாடி போகுது. பேட்டரி கேட்டு எழுதி வச்சிருந்தேன்..."

"கடிகாரத்தை மாத்துற கை நாளைக்கு வருகைப் பதிவையும் மாத்தும்."

மதியம் பாஸ்வேர்டு போட்டுவிட்டார். இனி நேரத்தை அவர் மட்டும்தான் மாற்ற முடியும். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து நானே பேட்டரி போட்டுவிடக் கூடாது என்று சீல் ஸ்டிக்கரைக் காட்டினார். ஆபீஸ் போனில் அரட்டையும் வேண்டாம் என்றார். அரட்டை என்று அவருக்கு யார் சொன்னது?

ஜனவரி 5, திங்கள்

பதினொரு நிமிடம் பின்னால். சரி செய்யவில்லை. செய்ய முடியாது.

மாலையில் வருகைத் தாள் அச்சானது. அடியில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பதினேழு. இன்று முதல் சிவப்பு. மாலை ஐந்துக்கு விரல் வைத்தால் மெஷின் 4.43 என்கிறது. கால் மணிக்கு மேல் முன்னதாகப் போனால் சிவப்புக் கோடு விழும். அறுபத்திரண்டு பேருக்கும் விழுந்தது. காலையில் அதே பதினேழு நிமிடம் சீக்கிரம் வந்ததாகத்தான் மெஷின் காட்டுகிறது. சீக்கிரம் வந்ததற்கு அதில் நிறம் இல்லை.

சின்ன துரையிடம் சொன்னேன். நன்றாகச் சொன்னேனா தெரியவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மெஷின் சொல்றதுதான் நேரம்" என்றார். அவர் கையில் வாட்ச் இருந்தது. அதில் 5.20.

கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 7, புதன்

இருபத்தொன்று. கையெழுத்து.

ஜனவரி 8, வியாழன்

இருபத்தாறு. கையெழுத்து. குளிரில் 'நிரோஷினி' சரியாக வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

வெப்பமானியில் ஒன்று. புல் எல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி உறைபனி. பள்ளத்துக் கொழுந்து கருகிவிட்டது. முப்பத்து மூன்று நிமிடம்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் மட்டும் என் செல்லுக்கு டவர் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் மயில்சாமிக்குப் போன் செய்தேன். இது ஆபீஸ் போன் இல்லை.

"ஒரு டிகிரிங்களா? மேடம், நீங்க ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து பேசறீங்க."

முப்பத்து மூன்று என்றதும் அவர் சிரிக்கவில்லை. "அப்படியே விட்டா யாருக்கோ வம்பாயிருமுங்க" என்றார்.

ஜனவரி 10, சனி

முப்பத்தொன்பது. மாலையில் சின்ன துரை விரல் வைத்துவிட்டுக் குன்னூருக்குக் கிளம்பினார். ஏதோ கிளப் விருந்தாம். அவர் விரல் வைத்தபோது என் செல்லில் 5.15.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று ஐம்பது. இன்று ஐம்பத்து நான்கு.

அறுபத்திரண்டு பேருக்கும் ஆறாம் தேதியிலிருந்து ஏழு நாள் சிவப்பு. கடிதம் ஒருவருக்கு மட்டும் வந்தது. சிவபாக்கியம் அக்காவுக்கு. 'ஏழு நாட்கள் முன்னதாக வெளியேறியது மட்டுமன்றி, மற்ற தொழிலாளர்களையும் தூண்டி வெளியேற்றியதற்காக ஏன் வேலைப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்கக் கூடாது.'

கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். முதலில் யாருக்கு என்று தெரியாமல் அடித்தேன். பெயரைச் சின்ன துரை கடைசியில்தான் சொன்னார்.

பெயர் போனால் லைன் வீடும் போகும். அக்காவுக்கு மாமனார் படுக்கையில், பிள்ளை ஒன்பதாம் வகுப்பு.

அக்கா கடிதத்தை என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார். படித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சத்தமா படி புள்ள, ஒண்ணும் காதுல விழல" என்றார். மறுபடியும் படித்தேன்.

ஜனவரி 14, புதன்

போகி. பழைய பாயை எரித்தோம். இந்த நோட்டையும் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதில்தான் எல்லா நிமிடமும் இருக்கிறது.

ஜனவரி 17, சனி

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் கடிகாரம் சரியாக இருக்கிறது. மூன்று நாள் அணைந்து கிடந்தும் ஒரு நொடி பிசகவில்லை. பெட்டியின் சீல் ஸ்டிக்கர் புதுசு.

வளைவுக்குப் போய் மயில்சாமியைக் கேட்டேன். "எங்க ஆளு யாரும் வரலைங்க" என்றார்.

இப்போது யார் வந்து பார்த்தாலும் அது நல்ல கடிகாரம்.

ஜனவரி 22, வியாழன்

இருபத்தேழாம் தேதி விசாரணை. குன்னூரிலிருந்து ஹேமாவதி என்ற வக்கீல் விசாரணை அதிகாரியாக வருகிறார். எஸ்டேட் தரப்புச் சாட்சி நான்.

சின்ன துரை கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். "தாளைக் காட்டுவேன். 'ஆமா, என் கையெழுத்து.' அவ்வளவுதான். நீ பேசவே மாட்டியே, அதனால உனக்குச் சுலபம்."

கல்லூரியிலும் இப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பேசத் தெரியாது என்பதை எல்லாரும் ஒரு நல்ல குணமாக நினைக்கிறார்கள்.

ஜனவரி 24, சனி

விசாரணையில் நேரம் தப்பு என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ கையெழுத்துப் போட்டது எத்தனை?"

"எட்டு."

"அப்ப நீயும் மாட்டுவே."

"ஆமா."

"இந்த லைன்லயே டிகிரி வாங்குன மொத ஆளு நீ. ஒரு ஆபீஸ் நாற்காலி. அத ஒதைச்சுத் தள்றியா?"

நான் ஒரு கட்டுக் கீரையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவளே, "அஞ்சு மணி வரைக்கும் நானும்தான் நின்னேன், எனக்கும்தான் செவப்பு போட்ட" என்றாள். கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

வளைவுக்குப் போனேன். ரிஜிஸ்டர் நகல் கேட்டேன்.

"கம்பெனி தராதுங்க. எஸ்டேட்டு எங்க கஸ்டமரு. நான் திருட்டுத்தனமா எடுத்துக் குடுத்தா, அதைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

"சரி சார்."

"இருங்க, வச்சுராதீங்க. விசாரணைக்கு வர்ற வக்கீலம்மா எழுதிக் கேட்டா கம்பெனி குடுத்தே ஆகோணும். நீங்க கேக்க வைங்க. ரிஜிஸ்டர்ல ஒரு வரி அழியாம நான் பாத்துக்கறேன்."

பிறகு வழக்கம்போல், "எத்தனை டிகிரிங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் வெப்பமானி பார்ப்பதில்லை. குத்துமதிப்பாகச் சொல்ல மனமில்லை. தெரியாது என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

கொழுந்து எடை போடும் கொட்டகையில் மேசை போட்டிருந்தார்கள். ஹேமாவதி மேடம் மேசைக்கு அந்தப் பக்கம். சிவபாக்கியம் அக்காவும் சங்கத்து ஆள் ஒருவரும் ஒரு பெஞ்சில். சின்ன துரை எட்டுத் தாளையும் என் முன்னால் விசிறி மாதிரி விரித்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"அவ்வளவுதான் மேடம்" என்று தாளை அடுக்க ஆரம்பித்தார்.

"கையெழுத்து என்னுது. நேரம் பொய்" என்றேன்.

நான்தான் சொன்னேன். முதலில் நான் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹேமாவதி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "சரிபார்த்தவர்னு போட்டிருக்கீங்களே?"

"சரிபார்த்தேன். தப்புன்னு தெரிஞ்சுது. பயந்து கையெழுத்துப் போட்டேன். எட்டு நாளும் பயந்தேன்."

சின்ன துரை எழுந்துவிட்டார். "கம்ப்யூட்டர் உள்ளதான் இருக்கு மேடம், வந்து பாருங்க, ஒரு நொடி தப்பு காட்டுங்க."

"இன்னைக்குச் சரியா இருக்கும். பொங்கலுக்குப் பேட்டரி மாத்தியாச்சு."

"எத்தனை நிமிடம் தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மேடம் கேட்டார்.

நோட்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஜனவரி ஐந்திலிருந்து பதின்மூன்று வரை மட்டும் காட்டலாம் என்று கிளிப் போட்டு வைத்திருந்தேன். சின்ன துரை சிரித்தார். "நேத்து உக்காந்து எழுதியிருப்பா. நடுவுல நாலு பக்கத்தைக் காட்டினா எப்படி? குடுத்தா முழு நோட்டையும் குடுக்கட்டும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. முழு நோட்டு என்றால் முழு நோட்டு. கிளிப்பை எடுத்துவிட்டு மேடத்திடம் கொடுத்தேன்.

அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். பாதியை வாய்விட்டே படித்தார், பக்கத்தில் உட்கார்ந்து விசாரணையை எழுதுகிறவர் பதிவு செய்ய வேண்டுமாம். எண்ணெய், டீ டம்ளர், ஏழு டிகிரி, நாலு டிகிரி, இருமல். கேஸ் அடுப்பு மாதிரி சிரிப்பு. கொட்டகை வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். அம்மாவும் நின்றாள். நான் தராசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாருங்க மேடம்," என்றார் சின்ன துரை, "ஆபீஸ் போன்ல, ஆபீஸ் நேரத்துல, ஒரு வெளியாளோட குளிரு, டிகிரின்னு அரட்டை."

"ஆமா சார், அரட்டைதான்" என்றேன். "இந்த ஆபீஸ்ல சரியான நேரம் அந்த அரட்டையில மட்டும்தான் இருந்துச்சு. அவங்க கம்பெனி ரிஜிஸ்டர்லயும் அது இருக்கு. மேடம் எழுதிக் கேட்டா குடுப்பாங்க."

மேடம் குறித்துக்கொண்டார்.

சின்ன துரை விடவில்லை. "கடிகாரம் கொஞ்சம் பின்னால இருந்ததாவே வச்சுக்குவோம். அறுபத்திரண்டு பேரும் ஒரே நேரத்துல எப்படிக் கிளம்பினாங்க? இந்தப் பொம்பள தூண்டிவிட்டதாலதான். இவ கூப்பிட்டா எல்லாரும் போயிருவாங்க."

அப்போதுதான் இன்னொரு தாளை எடுத்தேன். ஊழியர்களுக்குத் தனித் தாள் அச்சாகும். அதில் நான்கே பெயர். ஜனவரி பத்தாம் தேதித் தாளை மேடத்தின் முன்னால் வைத்தேன்.

"அன்னைக்குப் பிரதீப் சார் 4.36-க்கு வெளியே போயிருக்கார். அவருக்கும் சிவப்பு. முந்தின மூணு நாளும் சிவப்பு." தண்ணீர் குடித்தேன். "அப்படீன்னா மேடம், சாரையும் சிவபாக்கியம் அக்காதான் தூண்டிக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அக்கா சொன்னார், "நான் இவரக் கூப்பிடவே இல்ல தாயி. ஜீப்புல எனக்கு எடமும் தரல." வாசல் முழுக்கச் சிரிப்பு. ஹேமாவதி மேடம் தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நேரம் எழுதினார்.

நோட்டு அவரிடமே இருக்கிறது. இது வேறு தாளில் எழுதியது.

பிப்ரவரி 3, செவ்வாய்

என்னிடம் யாரும் பேசுவதில்லை. ஆபீசில். லைனில் எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் முதலில் கேஸ் லைட்டர் மாதிரி 'டிக், டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு. அம்மாகூட.

வளைவுக்குப் போகவில்லை. நோட்டில் இருந்தது மயில்சாமி காதுக்கும் போயிருக்குமா?

பிப்ரவரி 13, வெள்ளி

சிவபாக்கியம் அக்கா மீதான கடிதம் வாபஸ். இன்று காலை மெஷின் முன்னால் யாரும் விரல் வைக்கவில்லை. அக்கா முதலில் வைக்கட்டும் என்று அறுபத்தொரு பேரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் விரலை மெஷின் நாலு தடவை பிடிக்கவில்லை. "என்னைய மறந்துருச்சு பாரு" என்றார். ஐந்தாவதில் பிடித்தது.

கம்பளியும் வந்தது. குளிர் போன பிறகு. வாசலில் பதினொரு டிகிரி.

"பரவாயில்ல, அடுத்த குளிருக்கு இப்பவே வாங்கிட்டோம்" என்றார் அக்கா.

எனக்கும் ஒரு கடிதம். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்படாது.

பிப்ரவரி 20, வெள்ளி

நோட்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஊதா முத்திரை, 'சான்று 4'. அடித்த இரண்டு வரி மேலேயும் முத்திரை.

கூடவே சான்று 5, மயில்சாமியின் ரிஜிஸ்டர் நகல். நேர வித்தியாசம் எல்லாம் என் நோட்டோடு சரியாகப் பொருந்துகிறது. குறிப்புக் கட்டத்தில் அவர் கையெழுத்து: 'வெளியே 7 டிகிரி.' 'வெளியே 5 டிகிரி.' டிசம்பர் 19: 'வெளியே 4 டிகிரி. மேடத்துக்கு இருமல்.' டிசம்பர் 22: 'மேடத்துக்கு இருமல் குறைவு.'

இதுவும் கொட்டகையில் சத்தமாகப் படிக்கப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வளைவுக்குப் போனேன்.

"மேடம், எந்த வருசத்துல இருக்கீங்க?"

"இந்த வருசத்துலதான்" என்றேன். "மயில்சாமி சார், அடுப்பு பத்திக்கிட்டுதா?"

இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் பிடித்தது.

பிப்ரவரி 28, சனி

கடைசி நாள். வெப்பமானி பார்த்தேன், பதின்மூன்று. ஊழியர் பதிவேட்டை எடுத்து வைத்துச் சின்ன துரை, "விலகும் காரணம்" என்ற கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சொந்த விருப்பம்னு எழுது. அப்பத்தான் அனுபவச் சான்று தர வசதி."

அம்மா வாசலில் கூடையோடு நின்றாள். ஆபீசில் என்னைத் தெரியாத மாதிரி பார்க்கிற அம்மா, உள்ளே எட்டிப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி, "நிரோஷினி, நல்லாப் படிச்சுப் பாத்து எழுது" என்றாள்.

எழுதினேன்: சரியான நேரத்தைச் சொன்னதால்.

சின்ன துரை பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். அடிக்கச் சொன்னார். அடிக்க முடியாது என்றேன். பேனாவை மூடுவதற்கு முன்னால் செல்லைப் பார்த்து, கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.

பிப்ரவரி 28, மாலை 5.00. சரிபார்த்தவர், நிரோஷினி.